ஏழு மணிக் குளிசை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்று வகுக்கப்பட்டிருக்கும் ஒழுங்குவிதிகளைப் படித்துப் பார்த்தால், அவற்றை எழுதியவர்கள் முதுமையடைந்த உடலை அருகிலிருந்து கண்டவர்கள் என்றே தோன்றும். அங்கு வசிக்கும் ஒவ்வொருவரும், தாம் விரும்பும் முறையில், வாரத்துக்கு இரண்டு தடவையாவது குளிப்பாட்டப்பட வேண்டும். காலையும் மாலையும் வாய் சுத்தம் செய்யப்பட வேண்டும். பொய்ப்பற்கள் கழுவப்பட வேண்டும். கைநகமும் கால்நகமும் வெட்டப்பட வேண்டும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைக் குறைந்தது இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை நிலைமாற்றிப் படுக்கவைக்க வேண்டும். மருந்தோ, வைத்தியர் எழுதிய விதத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். 2021 இல் நிறைவேற்றப்பட்டு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் கீழும் இவை அப்படியே தொடர்கின்றன. விதிகளில் குறை காண்பது கடினம். அவற்றை நிறைவேற்றுவதற்கான நிமிடங்கள் ஒரு நாளில் எங்கே இருக்கின்றன என்று தேடத் தொடங்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

என் அம்மா ரொறன்ரோப் பெரும்பாகத்தில் அப்படியான ஓர் இல்லத்தில் வாழ்கிறார். இல்லத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இது அந்த ஒரு கட்டடத்தின் கதையாகச் சுருங்கிவிடும். வேறோர் இல்லத்தில் தாயையோ தகப்பனையோ வைத்திருப்பவர், நல்லவேளை நம்முடையது அது இல்லை என்று எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுவார். இங்கே நான் சொல்லவரும் விடயம் ஒன்றுதான். மருந்து பிந்துவதையும் உடல் கவனிக்கப்படாமல் விடப்படுவதையும் நாங்கள் இரண்டு தனித்தனி முறைப்பாடுகளாக எழுதிக் கொடுக்கிறோம். இல்லமும் அவற்றை இரண்டு தனித்தனிக் கோப்புகளில் போட்டு, ஒன்றைத் தாதியிடமும் மற்றதைப் பராமரிப்பாளரிடமும் அனுப்புகிறது. என் அனுபவத்தில் அவை ஒரே முறைப்பாடு. முதலாவது நடந்தால் சில மணிநேரத்துக்குள் இரண்டாவது நடக்கிறது.

அம்மாவுக்கு இருப்பது நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொடுக்கப்பட்டுவரும் முதன்மையான மருந்து லெவோடோபா. கார்பிடோபா என்ற துணைமருந்துடன் சேர்த்துக் கொடுக்கப்படும்போதும், ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் இரத்தத்திலுள்ள அதன் அளவு பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் மூளை அந்த மருந்தைச் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் ஆற்றலைக் கொண்டிருப்பதால், ஒரு குளிசை பிந்தினால் பெரிதாகத் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சேமிப்பு கரைந்துபோகிறது. பிறகு மணிக்கூடும் உடலும் ஒன்றாகிவிடுகின்றன. மருந்து வேலை செய்யும் நேரத்தில் அம்மா கரண்டியைத் தானே பிடித்துச் சாப்பிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், ஒருவர் கைகொடுத்தால் எழுந்து நிற்பார். மருந்தின் வேகம் இறங்கிவிட்ட நேரத்தில் அதே அம்மாவின் முழங்கை மடங்காது. முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. வாயில் வைத்த உணவு விழுங்கப்படாமல் கன்னத்துக்குள்ளேயே நிற்கும். மருந்து முற்றாக நின்றுபோனால் கடும் காய்ச்சலும் விறைப்பும் மனக்குழப்பமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், இந்த மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அம்மாவின் நரம்பியல் வைத்தியர் நான்கு மணிநேர இடைவெளியில் மருந்தை எழுதியிருந்தார்: காலை ஏழு, பதினொன்று, பிற்பகல் மூன்று, இரவு ஏழு. ஆனால் மருந்து கொடுக்கும் பதிவேடு இப்போது கணினியில் இருக்கிறது. குறித்த நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்னரோ ஒரு மணிநேரம் பின்னரோ கொடுத்தாலும் அது நேரத்துக்குக் கொடுத்ததாகவே பதியும்படி அந்த இல்லத்தில் அமைத்திருக்கிறார்கள். பல இல்லங்களில் வழக்கம் இதுதான். கொழுப்பைக் குறைக்கும் குளிசைக்கோ விற்றமினுக்கோ இந்தத் தாராளம் எந்தத் தீங்கும் செய்யாது. லெவோடோபாவுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். ஏழு மணிக் குளிசையை ஆறு மணிக்குக் கொடுத்து, பதினொரு மணிக் குளிசையைப் பன்னிரண்டுக்குக் கொடுத்தால், இடைவெளி ஆறு மணிநேரம். முதலாவதை எட்டுக்கும் அடுத்ததைப் பத்துக்கும் கொடுத்தால், இடைவெளி இரண்டு மணிநேரம். முதல் வகையில் அவர் கட்டையாகக் கிடப்பார். இரண்டாவது வகையில் தலைசுற்றியோ, உடல் தன்பாட்டில் முறுகியோ அவதிப்படுவார். இரண்டு நாளும் பதிவேட்டில் எல்லாம் பச்சை நிறத்தில் இருக்கும். மருந்து பிந்தியது என்று நீங்கள் முறையிட்டால், பிந்தவே இல்லை என்று கணினியைத் திருப்பிக் காட்டுவார்கள். அவர்கள் பொய் சொல்லவும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கென்று இயங்கும் ஓர் அமைப்பு, 2011 இலேயே வைத்தியசாலைகளுக்கான வழிகாட்டலில், நேரம் தவறினால் தீங்கு விளைவிக்கும் மருந்துகளைத் தனியே பட்டியலிட்டு, அவற்றை முன்னும் பின்னும் முப்பது நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று பிரித்துச் சொன்னது. பிரித்தானியாவில் பார்க்கின்சன் நோயாளருக்கான அமைப்பு 2006 இலிருந்து, மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள் என்ற ஒரே கோரிக்கையுடன் ஓர் இயக்கமே நடத்திவருகிறது. இருபது ஆண்டுகளாக ஓர் அமைப்பு இந்த ஒற்றை வரியைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையை விளக்கப் போதுமானது.

காலை மருந்துச் சுற்று எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அம்மாவின் தளத்தில் ஏறத்தாழ முப்பது பேர் இருக்கிறார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் ஒரேயொரு தாதி. மருந்தகத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறு பைகளில் அடைக்கப்பட்டு வரும் குளிசைகளை அவர் கணினியோடு ஒப்பிட வேண்டும். விழுங்க முடியாதவருக்குப் பொடியாக்கிக் குழைக்க வேண்டும். சலரோகக்காரருக்கு விரலில் குத்தி அளவு பார்த்து, காலை உணவுக்கு முன் இன்சுலின் ஏற்ற வேண்டும். வலிமருந்துப் பெட்டகத்தைத் திறந்து எண்ணி எழுத வேண்டும். சுற்று இரண்டு மணிநேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு நான்கு நிமிடம்தான். அதற்குள் தொலைபேசி அடிக்கும். யாரோ ஒருவர் குளியலறையில் விழுந்திருப்பார். வைத்தியசாலைக்குப் போகவேண்டியவருக்கு அம்புலன்ஸ் வந்து நிற்கும். வண்டி தாதியரின் மேசையடியிலிருந்து புறப்பட்டு நடைபாதை வழியே அறை அறையாகச் செல்கிறது. அம்மாவின் அறை நடைபாதையின் கடைசி. ஆக, அவருடைய ஏழு மணிக் குளிசை எப்போது வரும் என்பதைத் தீர்மானித்தது அறை இலக்கம்.

இதைவிடக் கேடான ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் எடுத்தன. தாதியரின் பணிமுறை காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை, மூன்றிலிருந்து இரவு பதினொன்று வரை, பதினொன்றிலிருந்து மறுநாள் ஏழு வரை. ஏழு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரு தாதி போக இன்னொருவர் வருவார். இருவரும் மேசையடியில் நின்று, இரவு யார் காய்ச்சலில் கிடந்தார், யார் உறங்கவில்லை என்று ஒப்படைத்துக்கொள்வார்கள். அம்மாவின் நான்கு வேளைகளில் இரண்டு, மருந்து கொடுக்க ஆளே இல்லாத அந்த இடைவெளியின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தன. போகிறவர் வருகிறவர் கொடுப்பார் என்று நினைப்பார். வருகிறவர் தன் சுற்றை முதல் அறையிலிருந்து தொடங்குவார். மருந்தை எழுதிய வைத்தியருக்கு இல்லத்தின் பணிமுறை தெரியாது. இல்லத்துக்கு அந்த மருந்தின் குணம் அவ்வளவாகத் தெரியாது.

இனி, பிந்திய குளிசை எப்படிக் குளிக்காத உடலாக மாறுகிறது என்பதைப் பார்ப்போம். காலை உணவு எட்டரைக்கு. ஏழு மணிக்கு வரும் பராமரிப்பாளர், கனடாத் தமிழர் எல்லோரும் சொல்வதுபோல் பி.எஸ்.டபிள்யூ, தன் பொறுப்பிலுள்ள எட்டுப் பேரையும் எழுப்பி, இரவு நனைந்த பம்பர்ஸை மாற்றி, கழுவித் துடைத்து, பல் துலக்கி, உடுப்பு மாற்றி, சக்கர நாற்காலியில் ஏற்றிச் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தொண்ணூறு நிமிடத்தை எட்டால் வகுத்தால் ஆளுக்குப் பதினொரு நிமிடமும் சொச்சமும். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தால் அம்மாவுக்கு அது போதும்; கையை நீட்டுங்கள் என்றால் நீட்டுவார், சட்டை ஏறிவிடும். மருந்து வராத காலையில் அவருடைய கைகள் மார்போடு ஒட்டிக் கிடக்கும், முழங்கால் நீளாது. எழுப்பி நிறுத்த முடியாதவரைத் தூக்கும் இயந்திரத்தில்தான் ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது இல்லத்தின் விதி, நியாயமான விதி. இரண்டாவது ஆள் அடுத்த தளத்திலோ அடுத்த அறையிலோ இருப்பார். எனவே அம்மா கடைசிக்குத் தள்ளப்படுவார். கடைசி ஆளுக்கு முகத்தைத் துடைக்க மட்டுமே நேரம் மிஞ்சும். பல்லுக்கு மிஞ்சாது.

வாயைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும், ஏனென்றால் முதலில் கைவிடப்படுவது அதுதான். வெளியிலிருந்து பார்க்க வருபவருக்குத் தெரியாததும் அதுதான். ஒருநாள் அம்மாவின் கீழ்வரிசைப் பொய்ப்பற்களைக் கழற்றியபோது, அடியில் முந்தின நாள் இரவு கொடுத்த உணவும், குழைத்துக் கொடுத்த குளிசையின் வெண்ணிறத் துகள்களும் ஈறோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. ஈறு சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. அந்தப் பல்வரிசை எத்தனை நாள் கழற்றப்படாமல் இருந்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. பதிவேட்டில் காலையும் மாலையும் வாய்ப் பராமரிப்பு நடந்ததாக அடையாளம் இடப்பட்டிருந்தது. துப்புரவில்லாத வாயிலிருந்து கிருமிகள் உணவோடும் உமிழ்நீரோடும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம் என்பதும், விழுங்கச் சிரமப்படும் பார்க்கின்சன் நோயாளரின் மரணத்துக்கு அந்த அழற்சி ஒரு முதன்மைக் காரணம் என்பதும் வைத்தியர் எவருக்கும் தெரிந்த செய்தி. விழுங்கும் ஆற்றலோ மருந்தின் நேரத்தோடு ஏறி இறங்குவது. பல் துலக்காமல் விட்டதும் குளிசை பிந்தியதும் அந்த வாய்க்குள் ஒன்றாகவே கிடந்தன.

குளியலுக்கு வருகிறேன். அம்மாவின் பெயர் செவ்வாய், வெள்ளி மாலைகளில் இருந்தது. சில வாரங்கள் தொடர்ந்து தலைமுடியில் ஒரு புளித்த வாடை வீசியதால் குளியல் பதிவைக் காட்டும்படி கேட்டேன். வரிசையாக ஒரே சொல்: மறுத்தார், மறுத்தார், மறுத்தார். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று பொறுப்புத் தாதி விளக்கினார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த மறுப்பு எப்படி நிகழ்ந்தது என்று கேட்டுக்கொண்டு போனபோது தெரியவந்தது இது. பிற்பகல் மூன்று மணி மருந்து பணிமாற்றத்தில் பிந்திய நாட்களில், ஐந்தரை மணியளவில், பெரும்பாலும் முகவர் நிறுவனம் அனுப்பிய புதிய பணியாளர் ஒருவர், சில சமயம் ஓர் ஆண், வாசலில் நின்று ஆங்கிலத்தில் குளிக்கிறீர்களா என்று கேட்பார். மருந்து இறங்கிய நேரத்தில் அம்மாவின் முகம் அசையாது, குரல் எழும்பாது. பதில் வரவில்லை. அல்லது, பயந்து தலையை ஆட்டுவார். மறுத்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கனடாவில் இருந்தவர் என்றாலும், மறதிநோய் தொட்டதும் முதலில் கழன்றுபோனது ஆங்கிலம்தான். அதற்கும் மேலாக, யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அந்தத் தலைமுறைப் பெண்ணிடம் விளக்குவைக்கும் நேரத்தில் வந்து தலைமுழுகச் சொன்னால், மருந்து வேலை செய்தாலும் அவர் மறுக்கத்தான் செய்வார். வெள்ளி காலை என்றால் கேள்வியே இருந்திருக்காது.

பதிவேடுகளின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கும் முறைமை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை ஒன்ராறியோ ஏற்கெனவே பார்த்திருக்கிறது. எலிசபெத் வெட்லாஃபர் என்ற தாதி 2007 இலிருந்து 2014 வரை இந்த மாகாணத்தின் பராமரிப்பு இல்லங்களில் எட்டு முதியவர்களை இன்சுலின் ஏற்றிக் கொன்றார். அவரே வாய்திறந்து ஒப்புக்கொள்ளும்வரை ஒரு மரணத்தின் மீதும் கொலை என்ற சந்தேகம் விழவில்லை. நீதிபதி ஐலீன் கிலீஸ் தலைமையிலான விசாரணை 2019 ஜூலையில் 91 பரிந்துரைகளை முன்வைத்தது. மருந்துகளைக் கையாளும் முறையை இறுக்குவது அவற்றில் ஒரு பெரிய பகுதி. அந்தக் கொலையாளியை நான் அறிந்த தாதியரோடு ஒருபோதும் ஒப்பிடமாட்டேன். ஆனாலும், கொடுத்தவர் எழுதியதே நடந்தது என்று கொள்ளும் முறைமையில், எழுதப்பட்டதற்கும் உடலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க யாரும் இல்லை என்பதை அந்த விசாரணையைவிட எவரும் விரிவாகக் காட்டியதில்லை.

2020 வசந்தத்தில் அந்தத் தூரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கொவிட் தொற்றில் பணியாளர்கள் இல்லாமல் தத்தளித்த ஐந்து ஒன்ராறியோ இல்லங்களுக்குக் கனடிய இராணுவம் அனுப்பப்பட்டது. அவற்றில் ஒன்று நம்முடைய ஸ்காபரோவில். இராணுவத்தினர் எழுதிய அறிக்கை மே 26 அன்று வெளியானது. காலாவதியான மருந்துகள், அழுக்கான பம்பர்ஸோடு விடப்பட்ட முதியவர்கள், இரண்டு மணிநேரத்துக்கு மேலாகக்கூடக் கூப்பிட்டும் ஆள் வராத அறைகள், வாரக்கணக்கில் குளிப்பாட்டப்படாதவர்கள், கரப்பான்பூச்சிகள். அதிலும் மருந்தும் துப்புரவும் பக்கம் பக்கமாகவே வருகின்றன. பிறகு நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ தலைமையில் அமைந்த ஆணைக்குழு 2021 ஏப்ரல் இறுதியில் தன் அறிக்கையைத் தந்தது. அதற்குள் ஏறத்தாழ 4,000 முதியவர்கள் இந்த இல்லங்களில் இறந்திருந்தார்கள். ஆள்பற்றாக்குறை தொற்றோடு வந்ததில்லை, பல ஆண்டுகளாக எச்சரிக்கப்பட்டும் தீர்க்கப்படாமல் கிடந்தது என்று ஆணைக்குழு சொன்னது.

அதன் பின்னர் வந்த சட்டம், நாளொன்றுக்கு ஒருவருக்கு நான்கு மணிநேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச் இறுதிக்குள் எட்ட வேண்டும் என்று எழுதிவைத்தது. அதற்கு முன் இருந்தது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரம். ஆகவே நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த நான்கு மணிநேரம் மாகாணம் முழுவதற்குமான சராசரி. உங்கள் தாய் வாழும் இல்லத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. உங்கள் தாய்க்கு அறவே இல்லை. மேலும், அந்த மணிநேரங்கள் நாளின் எந்தப் பகுதியில் விழுகின்றன என்பதைச் சராசரி சொல்வதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு தளத்தில் ஆறு பணியாளர்கள் நிற்பதால், காலை ஏழேகாலுக்கு விறைத்துக் கிடப்பவருக்கு எந்தப் பயனும் கிடையாது.

இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் புலம்பெயர்ந்து வந்த பெண்கள். ரொறன்ரோவில் எங்கள் பெண்களும் கணிசமாக இருக்கிறார்கள். அம்மாவின் தளத்தில் வார இறுதியில் வரும் ஒரு தமிழ் அக்கா இருக்கிறார். அவர் வரும் நாட்களில் அம்மா, பணியாளர் யாரும் கேட்டறியாத கதைகளையெல்லாம் சொல்வார். ஒரு தடவை அவர் என்னை நடைபாதைக் கோடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: “தங்கச்சி, நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. ஒரு ஆள் வராட்டில் எட்டுப் பேர் பன்னிரண்டாகும். பன்னிரண்டு பேருக்கும் செய்ததெண்டு புள்ளடி போட்டால்தான் வீட்டை போகலாம். போடாட்டில் ஏன் போடயில்லை எண்டு எங்களைத்தான் கேப்பினம்.” ஆள் வராதபோது பதிலுக்கு ஏன் ஆள் வைக்கவில்லை என்று யாரும் நிர்வாகத்தைக் கேட்பதில்லை. பம்பர்ஸிலுள்ள ஈரக்கோடு முழுவதும் நிறம் மாறும்வரை மாற்றவேண்டாம் என்று மேலிருந்து சொல்லப்பட்ட காலங்களும் உண்டு என்றார். இப்படிப்பட்ட இடத்தில் தனிமனிதரின் அலட்சியத்தைத் தேடிக்கொண்டு போவது நிர்வாகத்துக்கு மிகவும் வசதியான வேலை. அலட்சியமான பணியாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன்தான். ஆனால் அக்கறையுள்ளவர்கள் பணியில் நின்ற நாட்களிலும் ஏழு மணிக் குளிசை எட்டரைக்குத்தான் வந்தது.

எங்கள் ஆட்கள் ஏன் முறையிடுவதில்லை என்பதற்கு இரண்டு காரணங்களைக் காண்கிறேன். ஒன்று வெட்கம். பெற்றோரைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பேசப்படுவோம் என்று பயந்து, பலர் இந்தச் செய்தியையே வெளியில் சொல்வதில்லை; சொல்லாத ஒன்றைப் பற்றி எப்படி முறையிடுவது? இந்த வெட்கத்தை நான் மதிக்கவில்லை. இரவில் மூன்று தடவை எழும்பித் தூக்கவேண்டிய ஒரு தாயை, பகலில் இரண்டு வேலை செய்யும் பிள்ளைகள் மாடிப்படியுள்ள வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று பேசுபவர்கள் வந்து செய்துகாட்டட்டும். மற்றது பயம். நாளைக்கும் அவர்கள்தானே அம்மாவைத் தொடப்போகிறார்கள் என்ற பயம். முறையிட்டவரையோ அவர் உறவினரையோ பழிவாங்குவதைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அந்தப் பயம் சட்டத்தால் முழுவதும் போகாது என்றாலும், எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்கும் நடைபாதையில் சொன்ன முறைப்பாட்டுக்கும் இல்லம் காட்டும் மரியாதை வேறு வேறு என்பதை நான் கண்டேன்.

பயன் தந்தது கோபமில்லை, நேரக்குறிப்பு. குளிசை வாய்க்குள் போன உண்மையான நேரத்தையும், அம்மாவால் எப்போது கையை மடக்க முடிந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். நான் வராத நாட்களில் தம்பி எழுதினான். அந்தக் கொப்பியை நரம்பியல் வைத்தியரிடம் காட்டியபோது அவர் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. எல்லா வேளைகளையும் அரை மணிநேரம் முன்னே தள்ளினார்: ஆறரை, பத்தரை, இரண்டரை, மறுபடி ஆறரை. முதலாவதை இரவுத் தாதி புறப்படுமுன் கொடுப்பார். மூன்றாவதைப் பகல் தாதி கொடுப்பார். இந்த மருந்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிந்தக்கூடாது, உணவுக்கு முப்பது நிமிடம் முன்னர் கொடுக்கப்பட வேண்டும், பாலிலோ தயிரிலோ குழைக்கக்கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே எழுதினார். புரதம் குடலிலும் மூளையின் வாசலிலும் இந்த மருந்தோடு போட்டிபோட்டு அதைப் பின்தள்ளிவிடும் என்பதால் அந்தக் கடைசி வரி. எழுதிய விதத்திலேயே கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி சொல்வதால், சீட்டில் ஏறிய அந்த வரிகள் இல்லத்தைக் கட்டுப்படுத்தும். நாங்கள் வாயால் கேட்டுக்கொண்டிருந்தவரை அது ஒரு குடும்பத்தின் வேண்டுகோளாக மட்டுமே இருந்தது. ஆறரைக்கு எழுப்பினால் தூக்கம் கெடாதா என்று பொறுப்புத் தாதி கேட்டார். ஐந்து மணிக்கு எழும்பி முற்றம் கூட்டிய மனுசி, பரவாயில்லை என்றேன்.

அடுத்து, பராமரிப்புத் திட்டக் கூட்டம் ஒன்றைக் கேட்டுப் பெற்றோம். இல்லத்தில் சேர்ந்த ஆறு வாரத்துக்குள்ளும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையாவதும் இந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்பது விதி. இடையில் கேட்பதற்கும் தடை இல்லை. குளியலைச் செவ்வாய், வெள்ளி முற்பகல் பதினொன்றரைக்கு மாற்றினார்கள். பெண் பணியாளர் மட்டும் என்று எழுதினார்கள். மறுத்தார் என்று பதிவதற்கு முன் அரை மணிநேரம் கழித்து இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொண்டோம். கட்டிலுக்கு மேலே தமிழில் நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டினோம். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பராமரிப்பாளர் இப்போது வாசலில் நின்று “அம்மா, முழுகுவமோ” என்கிறார். உச்சரிப்பு வேறு எங்கேயோ இருக்கும், அம்மா சிரித்துவிடுவார், வேலை நடந்துவிடும். வாய்ப் பராமரிப்பு மட்டும் இன்னும் ஒழுங்காகவில்லை. மாலையில் பல்வரிசையைக் கழற்றிக் கிண்ணத்தில் போடும் வேலையை நானோ தம்பியோ செய்கிறோம். மாதம் 2,000 டொலருக்கு மேல் அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்து செலுத்தியபின்னும் குடும்பங்கள் இப்படிச் சம்பளமில்லாப் பணியாளர்களாக இயங்குவதை இந்த முறைமை எதிர்பார்த்தே நடக்கிறது.

அப்படி வர ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. ஒன்ராறியோவில் 40,000 க்கும் மேற்பட்டோர் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். 2022 இல் வந்த சட்டத்தின்படி, வைத்தியசாலையில் சிகிச்சை முடிந்தும் வீடு திரும்ப முடியாத ஒரு முதியவரை, அவர் தெரிவு செய்யாத, தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை தள்ளியிருக்கும் ஓர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். போக மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடலாம். ஸ்காபரோவில் வாழ்ந்த ஒரு தமிழ்த் தாய், தமிழ் பேசும் பணியாளரோ, பேருந்தில் வந்துபோகக்கூடிய பிள்ளையோ இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், கொப்பியில் நேரத்தை எழுத அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அவருடைய பதிவேடும் பச்சையாகவே இருக்கும்.

அம்மாவின் தளத்திலேயே கை நடுங்கும் இன்னும் இரண்டு பேரைப் பார்க்கிறேன். அவர்களைக் காலையில் நான் சாப்பாட்டறையில் காணும்போது கோப்பையை உயர்த்த முடியாமல் இருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல்தான் முகம் தெளிகிறது. அவர்களுடைய மருந்து என்ன, எந்த நேரத்துக்கு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, தாதியும் சொல்லக்கூடாது. அதனால் குடும்பங்களின் மன்றத்தில் பெயர் எதுவும் குறிப்பிடாமல் ஒரு கோரிக்கையை முன்வைத்தோம்: லெவோடோபா எடுக்கும் எல்லோருடைய மருந்து நேரங்களையும் பணிமாற்ற நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த ஒரு மருந்துக்கு மட்டும் கணினியில் உள்ள ஒரு மணிநேர இடைவெளியைக் குறையுங்கள். மன்றம் கேட்பதற்குப் பத்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். பதில் நேரத்துக்கு வந்தது. காலாண்டு மருந்து மறுஆய்வில் மருந்தாளரோடு கலந்து பரிசீலிக்கப்படும் என்றும், கணினி அமைப்பை மாற்றுவது தலைமை அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்று திருப்பிக் கேட்டிருக்கிறோம்.